முரசு வருத்தத்துக்குக் கத்திக்கு முதல் செய்ய வேண்டியது நிறைய இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பத்திரிகையில வாற சுகாதாரப் பக்கத்த நான் விடாம வாசிக்கிறனான். டெங்கு, சீனி வருத்தம், பிரஷர், கிட்னி எல்லாம் திரும்பத் திரும்ப வருது, வரத்தான் வேணும், ஆனா முரசு வருத்தத்தப் பத்தி, அதாவது பல்லீறில வாற வருத்தத்தப் பத்தி, முழுசா ஒரு கட்டுரை வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாமசியில கன வருசமா வேலை செய்யிறன். முரசு வீங்கினவங்க, ரத்தம் கசியிறவங்க, பல்லு ஆடுறவங்க எல்லாரும் முதல்ல வாறது பல்லு டொக்டர்ட்ட இல்ல, எங்களிட்டத்தான், அதாலதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாப் போகும், இடம் இருந்தா முழுசாப் போடுங்க.

வாறவங்க கேக்கிறது ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். "மகள், முரசு வீங்கியிருக்கு, மெட்ரோனிடசோல் (கிருமி கொல்லுற அன்டிபயோட்டிக் குளிசை) ரெண்டு நாளைக்குத் தாங்க." "தங்கச்சி, ரத்தம் நிக்கிறதுக்கு நல்ல மவுத்வொஷ் எது?" டொக்டர்ட்ட காட்டினீங்களா ஐயா எண்டு கேட்டா உடன முகம் மாறிடும். அங்க போனா பிடுங்கச் சொல்லுவாங்க, முரச வெட்டித் தைப்பாங்களாம், கிளீன் பண்ணினா இருக்கிற பல்லும் ஆடத் தொடங்கிடுமாம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. அதாவது ஒண்டு குளிசை இல்லாட்டிக் குறடு, நடுவில ஒண்டுமே இல்ல எண்டு சனம் நினைக்குது. உண்மையில முரசு வருத்தத்துக்கான வைத்தியத்தில பெரும்பகுதி அந்த நடுவிலதான் இருக்கு, வெட்டு தையல் எதுவும் இல்லாம, அதத்தான் நான் சொல்ல வாறன்.

முதல்ல முரசுல என்ன நடக்குது எண்டு பாப்பம். பல்லுல படியிற அந்த மெல்லிய பிசுபிசுத்த படலம் முழுக்கக் கிருமிதான், ஒழுங்காப் பல்லுத் தீட்டினா போயிடும், விட்டா எச்சில்ல இருக்கிற கல்சியம் சேர்ந்து சில நாளிலேயே இறுகத் தொடங்கும், கேத்திலுக்குள்ள கிணத்துத் தண்ணிட சுண்ணாம்பு பிடிக்கிற மாதிரி. இறுகினாப் பிறகு எந்த பிரஷாலயும் எந்த பேஸ்டாலயும் அத எடுக்க ஏலாது, அதுக்கு மேல புது ஊத்தை இன்னும் லேசாப் படியும். முரசு சிவந்து வீங்கி, தீட்டக்குள்ள ரத்தம் வரும். இந்தக் கட்டம் முழுசா மாறக்கூடிய கட்டம், இத எல்லாரும் தெரிஞ்சிருக்கோணும். 1965ல ஹரால்ட் லோ எண்ட நோர்வே பல் வைத்தியர் டென்மார்க்கில 12 பேர பல்லுத் தீட்டாம இருக்கச் சொல்லிப் பார்த்தார், 10 நாளுக்கும் 21 நாளுக்கும் இடையில அத்தனை பேருக்கும் முரசு வீங்கிட்டுது, திரும்பத் தீட்டத் தொடங்கினதும் ஒரு கிழமை அளவில சரியாப் போச்சு. மருந்தே இல்ல, வெறும் பிரஷ்.

அந்தக் கட்டத்தக் கவனிக்காம விட்டா சில பேருக்கு அடுத்தது வரும். முரசு பல்லை விட்டுக் கழண்டு நடுவில ஒரு பை மாதிரி ஆகும், ஊத்தை அதுக்குள்ள இறங்கி வேரில ஒட்டும், பல்லைத் தாங்கிற எலும்பு கரையத் தொடங்கும். பெரும்பாலும் நோவே இல்லாம நடக்கும், அதுதான் பெரிய ஆபத்து, நோகாதபடியா யாரும் டொக்டர்ட்ட போறதில்ல, பல்லு ஆடினாப் பிறகுதான் வாறாங்க. கரைஞ்ச எலும்பு தானா வளராது, ஆனா கரையிறத நிப்பாட்டலாம்.

இதில எங்கட சனத்தோட சம்பந்தப்பட்ட ஒரு பெரிய விசயம் இருக்கு, இத எத்தனை தமிழ் ஆக்களுக்குத் தெரியும் எண்டு எனக்குக் கவலையா இருக்கு. அதே ஹரால்ட் லோவும் அவரோட வேலை செய்தவங்களும் 1970ல மலைநாட்டில பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹெரோ எண்ட ரெண்டு தேயிலைத் தோட்டங்களில வேலை செய்த 480 ஆம்பிளைகள்ட வாயப் பரிசோதிச்சாங்க. பிரஷ் பிடிக்கிற பழக்கமும் இல்ல, பல்லு வைத்தியமும் கிடைக்காத சனம். 1985 வரைக்கும் திரும்பத் திரும்ப வந்து அதே ஆக்களப் பார்த்து, 1986ல முடிவ எழுதினாங்க. எல்லாருக்கும் ஊத்தை, எல்லாருக்கும் முரசு வீக்கம், ஆனா பல்லு விழுந்த கதை ஆளுக்கு ஆள் வேற. 8 வீதம் அளவில ஆக்களுக்கு எலும்பு படுவேகமாக் கரைஞ்சு 45 வயசுக்குள்ள வாயில பல்லே இல்லாமப் போச்சு. 81 வீதம் பேருக்கு மெதுவாப் போய் 45 வயசில ஏழு பல்லு அளவில இழந்திருந்தாங்க. மிச்ச 11 வீதம் பேருக்கு முரசு வீக்கத்தோட நிண்டுட்டுது, அதுக்கு மேல போகல. வைத்தியம் இல்லாம விட்டா இந்த வருத்தம் எப்பிடிப் போகும் எண்டு உலகம் முழுக்கப் பல்லு டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இண்டைக்கும் படிக்கிறது அந்தத் தோட்டத்து ஆக்கள்ட வாயிலிருந்து கிடைச்ச இந்தக் கணக்கத்தான்.

என்ட அம்மாட ஆக்களும் மலைநாட்டில இருந்து வந்தவங்கதான், இத வாசிச்ச நேரம் எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு. உலகத்துக்கு இந்த அறிவக் குடுத்த சனத்திட பேரப்பிள்ளைகள் இண்டைக்குக் கொழும்பில சாப்பாட்டுக் கடையிலயும் கார்மண்டிலயும் வேலை செய்துகொண்டு, ரத்தம் வந்தா உப்புத் தண்ணியில கொப்பளிச்சு, பல்லு ஆடினா விரலாலயே ஆட்டிப் பிடுங்கிக்கொண்டு இருக்கிறாங்க. அவங்களுக்குத்தான் முதல்ல இந்த விசயம் போய்ச் சேரோணும். அந்தக் கணக்கில இன்னொரு பாடமும் இருக்கு, அந்த மூண்டில நீங்க எந்தக் கூட்டம் எண்டு கண்ணாடியில பார்த்து உங்களால சொல்ல ஏலாது, அளந்து பார்த்தாத்தான் தெரியும்.

எப்பிடி அளக்கிறது? பல்லு டொக்டர்ட்ட மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பி இருக்கு, முரசுக்கும் பல்லுக்கும் இடையில மெதுவா வச்சுப் பார்ப்பாங்க. 3 மில்லிமீட்டர் வரைக்கும் பரவாயில்ல, 4க்கு மேல போய் ரத்தமும் வந்தா அது கவனிக்க வேண்டிய பை. தேவையெண்டா எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு இருக்கு எண்டு பார்ப்பாங்க. அதனால போனவுடன "டொக்டர், என்ட முரச அளந்து பார்த்தீங்களா, எத்தனை மில்லிமீட்டர்?" எண்டு கேளுங்க. கேக்கிறது பிழையில்ல. இந்த அளவு இல்லாம வைத்தியம் சரிவருதா இல்லையா எண்டு பிறகு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

வைத்தியத்திட முதல் பகுதி உங்கட கையிலதான் நடக்குது. மெத்தையான பிரஷ், முரசும் பல்லும் சேருற இடத்தில சரிச்சுப் பிடிச்சு, சின்னச் சின்னதா ஆட்டி, ரெண்டு நிமிசம், ஒரு நாளைக்கு ரெண்டு தரம், அதில ராவில படுக்கப் போக முதல் ஒருக்கா கட்டாயம். போட்டுத் தேய்க்கத் தேவையில்ல, அப்பிடித் தேய்க்கிறவங்களுக்கு முரசு இறங்கிறத நாங்க பார்க்கிறம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில பிரஷ் போகாது, அந்த இடத்துக்கெண்டே குட்டி பிரஷ் இருக்கு, வேற வேற சைசில வரும், இடைவெளி உள்ள ஆக்களுக்கு பல்லுக்கு நடுவில விட்டு இழுக்கிற நூலை விட அது நல்லாக் கிளீன் பண்ணும். எந்த இடத்துக்கு எந்த சைஸ் எண்டு டொக்டர்ட்ட கேட்டு வாங்குங்க. செங்கல் தூள், கரித்தூள் வேண்டாம், பல்லுத் தேய்ஞ்சு போகும்.

ரெண்டாவது பகுதிதான் ஸ்கேலிங், அதோட வேரைச் சுத்தம் பண்ணுறது. முரசுக்கு மேல இருக்கிறத மட்டும் எடுத்தா அது மேலோட்டமான கிளீனிங். பை ஆழமா இருக்கிறவங்களுக்கு முரசுக்குக் கீழ வேரில ஒட்டியிருக்கிற இறுகின ஊத்தையையும் கிருமிப் படலத்தையும் எடுக்கோணும். ஊசி போட்டு விறைக்க வச்சிட்டு, தண்ணி அடிச்சுக்கொண்டு அதிருற ஒரு மெஷினாலயும் நுனி வளைஞ்ச கையாயுதங்களாலயும் சுரண்டி எடுப்பாங்க. வெட்டுறதும் இல்ல, தையலும் இல்ல. ஒரே நாளில முழு வாயும் செய்யலாம், ரெண்டு மூண்டு தரமாப் பிரிச்சும் செய்யலாம், ரெண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒண்டுதான், அதால டொக்டர் பிரிச்சுச் செய்தா காசு பறிக்கிறார் எண்டு நினைக்க வேண்டாம். அமெரிக்க பல் மருத்துவச் சங்கம் 2015ல, அது வரைக்கும் வந்த ஆய்வுகள எல்லாம் கூட்டிப் பார்த்து, இந்த வைத்தியத்தால பல்லும் முரசும் ஒட்டுற அளவு சராசரியா அரை மில்லிமீட்டர் அளவில முன்னேறுது எண்டு சொன்னது. அரை மில்லிமீட்டர் எண்டா சின்னதாத் தெரியும், ஆனா அது எல்லாப் பல்லையும் சேர்த்துப் பார்த்த சராசரி, பை ஆழமா இருக்கிற இடத்தில இத விடக் கூட. ரத்தம் நிக்கிறது, வாய் நாத்தம் குறையிறது, வீக்கம் வத்துறது எல்லாம் வேற.

இப்ப அந்தப் பயத்துக்கு வாறன், கிளீன் பண்ணினா பல்லு ஆடும் எண்ட பயம். ஐயா, அம்மா, தயவு செய்து இதக் கேளுங்க. பல்லு ஏற்கனவே ஆடுற நிலையிலதான் இருந்தது, எலும்பு கரைஞ்சு போச்சு, இறுகின ஊத்தை பல்லை ஒண்டோட ஒண்டு ஒட்டிப் பிடிச்சிருந்தபடியா தெரியல. அத எடுத்தவுடன கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கும், முரசு வீக்கம் வத்தி இறுக அந்த ஆட்டம் கன பேருக்குக் குறையும். அதே மாதிரி, கிளீன் பண்ணினாப் பிறகு பல்லுக்கு நடுவில இடைவெளி தெரியுது, பல்லு நீண்ட மாதிரி இருக்கு எண்டு அழுதுகொண்டு வந்த அக்காமார எனக்குத் தெரியும். அது வீங்கியிருந்த முரசு தன்ட உண்மையான இடத்துக்குச் சுருங்கிப் போனதால. குளிர்த் தண்ணி, ஐஸ்கிரீம் கொஞ்ச நாளைக்குக் கூசும், கூச்சத்துக்கெண்டு வாற பேஸ்ட் பாவிச்சா பெரும்பாலும் குறைஞ்சிடும். இத எல்லாம் சுரண்டத் தொடங்க முதலே டொக்டரோ நேர்ஸோ ஐஞ்சு நிமிசம் இருந்து நோயாளிட பாசையில சொல்லிட்டா அரைவாசிப் பயம் போயிடும். சில இடங்களில அது நடக்கிறதில்ல, நோயாளி வாயத் திறந்து மூடிட்டு வாறார், வீட்ட வந்து பல்லுக் கூசினா "கெடுத்துப் போட்டாங்கள்" எண்டு சொல்லுறார், அந்த ஒரு கதை ஒழுங்கை முழுக்கப் பரவுது.

குளிசையப் பத்தி நான் கட்டாயம் சொல்லோணும், ஏனெண்டா அது என்ட வேலை. கிருமிப் படலம் வேரில ஒட்டிக்கொண்டு இருக்கிற வரைக்கும் அன்டிபயோட்டிக் அதுக்குள்ள ஒழுங்காப் போய் வேலை செய்யாது. வீக்கம் ரெண்டு நாள் குறையும், சுகம் எண்டு நினைப்பீங்க, உள்ளுக்கு எலும்பு கரைஞ்சுகொண்டே இருக்கும், அடுத்த மாசம் திரும்ப வருவீங்க. சில நோயாளிகளுக்கு, முக்கியமா சின்ன வயசிலேயே வேகமா எலும்பு கரையிறவங்களுக்கு, வேரைச் சுத்தம் பண்ணுறதோட சேர்த்து டொக்டர் அன்டிபயோட்டிக் குடுக்கிறது உண்டு, அது அவர்ட தீர்மானம். டொக்டர்ட துண்டு இல்லாம நாங்க தரமாட்டம் எண்டு சொன்னா கோவிக்க வேண்டாம். மெட்ரோனிடசோல் போட்டுக்கொண்டு சாராயமும் குடிக்கக் கூடாது, இதையும் எழுதி வைக்கோணும் போல இருக்கு.

மவுத்வொஷில குளோர்ஹெக்சிடின் உள்ளது நல்ல மருந்துதான், ஆனா ஒண்டு ரெண்டு கிழமைக்கு, டொக்டர் சொன்ன காலத்துக்கு மட்டும். மாசக்கணக்காப் பாவிச்சா பல்லு மண்ணிறமாகும், நாக்கில ருசி மாறும். பல்லுத் தீட்டினவுடன கொப்பளிக்காம அரை மணித்தியாலம் விட்டுக் கொப்பளிங்க, பேஸ்டில இருக்கிற சவர்க்காரத் தன்மை மருந்திட வேலையக் குறைக்கும். உப்புத் தண்ணி, நல்லெண்ணெய் எல்லாம் வாய்க்கு இதமா இருக்கலாம், நான் வேண்டாம் எண்டு சொல்லல, ஆனா இறுகின ஊத்தைய அதுகளால கரைக்க ஏலாது. அஸ்பிரின இடிச்சு முரசுல வைக்கிறத மட்டும் செய்யவே செய்யாதீங்க, முரசு வெந்து போகும்.

லேசர் வைத்தியம் எண்டு இப்ப விளம்பரம் நிறைய. ஸ்கேலிங்கோட லேசரையும் சேர்த்தா கூடுதலா என்ன கிடைக்குது எண்டு பார்த்த ஆய்வுகளில பெருசா ஒண்டும் தெரியல, 2015 அமெரிக்க வழிகாட்டியும் 2020ல வந்த ஐரோப்பிய வழிகாட்டியும் அத வழமையான வைத்தியமாச் சேர்க்கல. காசு இருக்கிறவங்க என்னவும் செய்யட்டும், ஆனா லேசருக்குக் காசில்ல எண்டு வைத்தியத்தையே விட்டவங்கள நான் பார்த்திருக்கிறன், அதுதான் மனசுக்குக் கஷ்டம். சாதாரண ஸ்கேலிங்தான் அடிப்படை, அது அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமக் கிடைக்குது. கொழும்பில இருக்கிறவங்களுக்கு வார்ட் பிளேஸில தேசிய பல் வைத்தியசாலையே இருக்கு. காத்திருக்க வேண்டி வரும், கிளினிக் துண்ட வச்சுக்கொண்டு சொன்ன திகதிக்குப் போங்க.

சீனி வருத்தக்காரர் கொஞ்சம் கூடுதலாக் கவனிக்கோணும். சீனி கூட இருந்தா முரசு கெடும், முரசு கெட்டா சீனி கட்டுப்படாது, ரெண்டும் ஒண்டையொண்டு இழுக்கும். முரசுக்கு இந்தக் கத்தியில்லாத வைத்தியத்தச் செய்த சீனி வருத்தக்காரருக்கு மூண்டு நாலு மாசத்தில எச்பிஏ1சி (ரெண்டு மூண்டு மாசத்துச் சராசரிச் சீனியக் காட்டுற ரத்தப் பரிசோதனை) 0.4 வீதம் அளவில குறைஞ்சதா ஆய்வுகள் காட்டுது, இது இன்னொரு குளிசை சேர்க்காமலே கிடைக்கிற பலன். ஒவ்வொரு மாசமும் மெட்ஃபோமின் வாங்க வாறவங்களிட்ட நான் இதத்தான் சொல்லுறன். சிகரெட், பீடி குடிக்கிறவங்களுக்கு முரசு வருத்தம் இருந்தாலும் ரத்தம் வாறது குறைவு, அதால தெரியாது, வைத்தியம் செய்தாலும் சரியா ஆறாது. வெத்தில பாக்குப் போடுறவங்க முரசுக்கு மட்டுமில்ல, வாய்ப் புற்றுநோய்க்கும் பயப்படோணும், பாக்கே புற்றுநோய் வரப்பண்ணும் பொருள் எண்டு உலக அளவில உறுதியாச் சொல்லியாச்சு. பிரஷருக்கு அம்லோடிபின் போடுற சிலருக்கு முரசு தடிச்சு வளரும், வலிப்புக்கு ஃபெனிடோயின் போடுறவங்களுக்கும் அப்பிடி, நீங்களா மருந்த நிப்பாட்டாம டொக்டர்ட்ட சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்கிற மருந்து, வார்ஃபரின், க்ளோபிடோக்ரல் போடுறவங்களும் தாங்களா மருந்த நிப்பாட்டக் கூடாது, அவங்களும் இதய வால்வில பிரச்சினை உள்ளவங்களும் ஸ்கேலிங்குக்கு முதலே வாயத் திறந்து சொல்லோணும். வயித்தில பிள்ளை இருக்கிறவங்களுக்கு முரசு லேசா வீங்கும், ரத்தம் வரும், அவங்களும் தாராளமாக் கிளீன் பண்ணலாம், நடு மூண்டு மாசம் அதுக்கு வசதி.

அப்ப ஒப்பரேஷன் எண்டு ஒண்டு தேவையே இல்லையா எண்டு கேட்டா, தேவைப்படும் ஆக்களும் இருக்கிறாங்க. ஸ்கேலிங் எல்லாம் செய்து மூண்டு மாசம் அளவில திரும்ப அளந்து பார்க்கக்குள்ளயும் 6 மில்லிமீட்டர், அதுக்கு மேல பை இருந்தா, அப்ப முரசத் திறந்து சுத்தம் பண்ணுறதப் பத்திக் கதைப்பாங்க. அதுவும் சில பல்லுக்கு மட்டும். சில பல்லு உண்மையிலேயே காப்பாத்த ஏலாத நிலையில இருக்கும், அதப் பிடுங்கத்தான் வேணும். ஆனா முதல் நாளே அளக்காம, கிளீன் பண்ணாம, ஒப்பரேஷன் எண்டோ எல்லாத்தையும் பிடுங்கிட்டு பொய்ப்பல்லு செட் கட்டுவம் எண்டோ யாராவது சொன்னா, இன்னொரு டொக்டர்ட்டயும் போய்க் காட்டுங்க.

கடைசிப் பகுதிதான் எங்கட ஆக்கள் விட்டுப் போடுறது. முரசு சரியானாப் பிறகும் மூண்டு மாசத்தில இருந்து ஒரு வருசத்துக்குள்ள, ஆளிட நிலையப் பொறுத்து, திரும்பத் திரும்பப் போகோணும். ரத்தம் நிண்டிட்டுது, இனி என்னத்துக்கு எண்டு விடுறாங்க, ரெண்டு வருசத்தால திரும்ப அதே பை, அதே கிருமி. பிரஷர் கிளினிக்குக்கு மாசம் மாசம் போற சனம் இதுக்கும் போகும், தேவை எண்டு யாராவது விளங்கப்படுத்தினா போகும்.

அதால ஆசிரியர் ஐயா, என்ட வேண்டுகோள் இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்ன கணக்குப்படி உலகத்தில 100 கோடிக்கு மேல ஆக்களுக்குக் கடுமையான முரசு வருத்தம் இருக்கு, இது சின்ன விசயம் இல்ல. ஒரு பல் வைத்திய நிபுணர வச்சு, மாசத்தில ஒருக்காவாவது வாசகர் கேள்வி பதில் போடுங்க, பேச்சுத் தமிழில, படத்தோட. சுகாதாரத் திணைக்களத்துக்காரரும் முரசு கிளினிக் நடக்கிற இடமெல்லாம் தமிழில ஒரு துண்டுப் பிரசுரம் வைக்கோணும், வைத்தியத்துக்குப் பிறகு என்ன நடக்கும், எப்ப திரும்ப வரோணும் எண்டு. தோட்டப் பகுதிகளுக்கும் அது கட்டாயம் போகோணும். கேள்வி பதிலுக்கு என்ட கேள்விய இப்பவே அனுப்புறன்: பக்கவாதம் வந்து ஒரு கை வழங்காதவங்களுக்கு, கை நடுங்கிற வயசானவங்களுக்கு, வீட்டில இருக்கிறவங்க எந்த பிரஷால, எங்க நிண்டுகொண்டு, எப்பிடிப் பல்லுத் தீட்டி விடுறது? இதக் கேட்டு வாற மருமக்களும் மகள்மாரும் கன பேர் இருக்கிறாங்க.

இப்படிக்கு,
பாமசியில வேலை செய்யிற ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.